லண்டன்ல இருந்து ரயில்ல யார்க்: 78 வயசு அப்பாவ கூட்டிட்டுப் போகலாமா?

ரோஸ்ஹில் மகள்

எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் அப்பாவ கூட்டிக்கிட்டு லண்டன் போறோம், தங்கச்சி வீட்ல மூணு வாரம் இருப்போம். அதுல ஒரு பயணம் முழுக்க அப்பா ஆசைக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன், அதுக்குத்தான் உங்க யோசனை வேணும்.

அப்பாக்கு 78 வயசு ஆகுது. நம்ம மொரீசியஸ்ல 1956ல பயணிகள் ரயில் நின்னப்போ அவர் சின்னப் பையன், ரோஸ் ஹில்ல ஏறி போர்ட் லூயிக்கு ஆயாகூட, அதான் அவர் பாட்டிகூட, போனது இன்னும் ஞாபகம் இருக்கு. ஜன்னல்ல தலைய நீட்டி கரித்தூள் கண்ணுல விழுந்து, ஆயா புடவை முந்தானைய சுருட்டி ஊதி ஊதி கண்ணுல ஒத்தி எடுத்தாங்களாம், அந்தக் கதைய நாங்க நூறு தடவை கேட்டிருக்கோம். மெட்ரோ வந்த புதுசுல பழைய ரயில் பாதையிலயே போகுதுன்னு ஆசையா ஏறினாரு, இறங்கினதும் "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா ரயில் இல்ல"ன்னுட்டாரு. அதனால இங்கிலாந்துல நிஜமான நீளமான ரயில் பயணம் ஒண்ணு வேணும், போய் இறங்கற ஊர்ல பெரிய பழைய கத்தீட்ரல் (தலைமைச் சர்ச்) ஒண்ணும் பாக்கணும்னு சொல்றாரு. அவர் கொத்தனார் வேலை பாத்தவர், கல்லு வேலைன்னா கண்ணு அங்கயே நிக்கும்.

தங்கச்சி யார்க் போங்கன்னு சொல்றா. கேக்க வேண்டியது நிறைய இருக்கு. ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமா இல்ல ராத்திரி தங்கணுமா, அப்பாக்கு வலது முட்டி வலி இருக்கு ரொம்ப படி ஏற முடியாது, டிக்கெட் எப்ப எப்படி எடுத்தா மலிவு, சைவ சாப்பாடு கிடைக்குமா (அப்பா மாட்டிறைச்சி பக்கமே போக மாட்டாரு, வெள்ளி செவ்வாய் முழு சைவம்), அப்புறம் அப்பாவே கேக்கச் சொன்னது, உள்ள போகும்போது செருப்பு கழட்டணுமா, மெழுகுவத்தி ஏத்தலாமா? ஒவ்வொரு செப்டம்பரும் நம்ம ஊர் கத்தோலிக்க சாமியார் பெர் லாவால் சமாதிக்குப் போய் ஏத்தற வழக்கம் அவருக்கு.

---

லீட்ஸ் அக்கா

வணக்கம்மா. நான் 1970கள்ல நர்ஸ் படிப்புக்கு மொரீசியஸ் க்வாத்ர் போர்ன்ல இருந்து வந்தவ, அன்னைலேர்ந்து இந்தப் பக்கம்தான், லீட்ஸ்ல இருந்து யார்க் எனக்கு அரை மணி நேரம்கூட இல்ல. உங்க அப்பாக்கு யார்க் தவிர வேற ஊர் யோசிக்காதீங்க, ஏன்னு சொல்றேன்.

லண்டன் கிங்ஸ் கிராஸ்ல ஏறினா வேகமான வண்டி கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துல யார்க் போயிடும், 300 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல மாற வேண்டியதே இல்ல. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், அதாவது 125 மைல். இப்ப இத அப்பாகிட்ட சொல்லுங்க: 1938 ஜூலை 3ஆம் தேதி மல்லார்ட்னு ஒரு நிலக்கரி எஞ்சின் 126 மைல் வேகத்துல ஓடி உலக சாதனை பண்ணுச்சு, இன்னிக்கு வரைக்கும் நீராவி எஞ்சின்ல அத யாரும் முறியடிக்கல. அந்தச் சாதனை நடந்தது இதே தடத்துலதான், கிரந்தம் தாண்டி தெற்க பீட்டர்பரோ பக்கம் வர்ற ஸ்டோக் இறக்கத்துல, நீங்க லண்டன்ல இருந்து வர்றதால பீட்டர்பரோ முடிஞ்சதும் அதே இறக்கத்துல ஏறி வருவீங்க. அந்த மல்லார்ட் எங்க நிக்குது தெரியுமா? யார்க்குல, ஸ்டேஷனுக்குப் பின்னாடி நடக்கற தூரத்துல இருக்கற தேசிய ரயில்வே மியூசியத்துல. நுழைவு இலவசம். நீல நிறத்துல முகப்பு வழவழன்னு இருக்கும், உங்க அப்பா பக்கத்துல போய் சக்கரத்துக்கு நேரா நின்னா சக்கரம் அவர் உசரத்த விட பெருசா இருக்கும். நான் பேரப்பசங்கள கூட்டிட்டுப் போனப்ப பசங்க ஓடிட்டாங்க, நான்தான் அங்கயே நின்னுட்டேன்.

லண்டன்ல இருந்து வரும்போது வலது பக்க ஜன்னல் சீட் கேளுங்க. பீட்டர்பரோ ஸ்டேஷன் வரும்போது வலது பக்கம் அந்த ஊர் கத்தீட்ரல் தெரியும். அதுக்கு முன்னாடி வெல்வின் பக்கத்துல 40 வளைவு வெச்ச ஒரு செங்கல் பாலம் மேல வண்டி போகும், 1850ல கட்டினது, ஆனா மேல உக்காந்திருக்கறவங்களுக்குப் பாலமே தெரியாது, திடீர்னு ரெண்டு பக்கமும் பள்ளமா இருக்கும், அப்பாவ முன்கூட்டியே எழுப்பி விடுங்க.

யார்க் ஸ்டேஷன்ல இறங்கினதும் ஓடாதீங்க. 1877ல திறந்தது, பிளாட்பாரம் நேரா இல்லாம வளைஞ்சு போகும், மேல இரும்பும் கண்ணாடியுமா கூரையும் கூடவே வளையும். கட்டினப்ப உலகத்துலயே பெரிய ஸ்டேஷன் அதுதான்னு சொல்வாங்க. ஒரு பெஞ்சுல அப்பாவ உக்கார வெச்சு பத்து நிமிஷம் அண்ணாந்து பாக்க விடுங்க, ரயில் ஆசைக்காரருக்கு அதுவே பாதி பயணம்.

அங்கிருந்து மின்ஸ்டருக்கு, அதான் கத்தீட்ரல், மெதுவா நடந்தா 15-20 நிமிஷம், லெண்டல் பாலத்துல ஆத்தத் தாண்டணும். ஊர் சமதரைதான், ஆனா நடுவுல கல் பாவின தெருங்க, ஷாம்பிள்ஸ் மாதிரி சந்துங்கள்ல முட்டிக்கு நோவும், நல்ல ரப்பர் அடி ஷூ போட்டு வாங்க. ஊரச் சுத்தி பழைய கோட்டை மதில் 3 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, மேல நடக்கலாம், இலவசம், ஆனா ஏற படி இருக்கு, சில இடத்துல ஒரு பக்கம் கம்பியே இல்ல, அப்பாக்கு வேண்டாம், கீழ இருந்து பாத்தாலே போதும்.

குளிர் பத்திக் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். மே மாசம்னு நம்பி மெல்லிசா வராதீங்க, காலைல நம்ம ஊர்க் குளிர்காலத்துல, ஜூலை மாசம் கியூர்பிப்ல மழை பெய்யற மாதிரி இருக்கும், கோவில் உள்ள இன்னும் சில்லுனு இருக்கும்.

---

மோக்கா தம்பி

அக்கா சொன்னது சரிதான், ஆனா லண்டன்ல இருந்து கேன்டர்பரி இன்னும் பக்கம். செயின்ட் பேங்க்ராஸ்ல அதிவேக ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். 597ல அகஸ்டின்னு ஒரு துறவி வந்து கத்தீட்ரல ஆரம்பிச்ச இடம், 1170 டிசம்பர் 29 அன்னிக்கு பேராயர் பெக்கெட்ட ராஜாவோட ஆளுங்க கோவிலுக்குள்ளயே வெட்டிக் கொன்னாங்க, அதுக்கப்புறம் நூத்துக்கணக்கான வருஷம் ஜனங்க பாதயாத்திரையா வந்த ஊர். நம்ம காவடி எடுத்து நடக்கற மாதிரியே நேர்த்திக்கடன் வெச்சு நடந்திருக்காங்க. வயசானவருக்குக் குறைஞ்ச தூரம் நல்லதில்லையா?

---

லீட்ஸ் அக்கா

தம்பி, கேன்டர்பரி நல்ல ஊர், யாராவது முதல் தடவை வந்து ஒரு அரை நாள்தான் இருக்குன்னா நானும் அதத்தான் சொல்வேன். ஆனா இவர் கேக்கறது நீளமான ரயில். ஒரு மணி நேரத்துல இறங்கச் சொன்னா பாவம், மெட்ரோவுக்கு சொன்னதையே திரும்ப சொல்வாரு.

---

வாகோவா ராஜா

டிக்கெட் விஷயம் நான் சொல்றேன், ஏன்னா நான் பட்டது நீங்க படக்கூடாது.

அட்வான்ஸ் டிக்கெட்னு ஒண்ணு உண்டு, அதான் மலிவு, ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பாக்க ஆரம்பிங்க. ஆனா அது அந்த நாள் அந்த மணி அந்த வண்டிக்கு மட்டும்தான். போன வருஷம் நாங்க நாலு பேர், லண்டன்ல பஸ்ல போனா வேடிக்கை பாத்துக்கிட்டே போகலாம்னு கிளம்பி ரோட்ல மாட்டிக்கிட்டோம், ஸ்டேஷன் உள்ள நுழையும்போது வண்டி கிளம்பி நாலு நிமிஷம் ஆச்சு. கவுண்டர்ல இருந்த ஆள் முகத்தக்கூட நிமிர்த்தல, புது டிக்கெட் எடுங்கன்னாரு, அன்னிக்கு விலைல நாலு டிக்கெட், முதல்ல எடுத்தத விட மூணு மடங்கு. என் சம்சாரம் போற வழி பூரா பேசவே இல்ல. அதனால கிங்ஸ் கிராஸ்க்கு பாதாள ரயில்ல போங்க, முக்கால் மணி நேரம் முன்னாடி போய் உக்காந்திருங்க.

அங்க இன்னொரு விஷயம். எந்த பிளாட்பாரம்னு முன்னாடியே சொல்ல மாட்டாங்க, வண்டி கிளம்ப கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் பெரிய பலகைல நம்பர் வரும். அது வரைக்கும் ஒரு கூட்டமே கழுத்த நிமிர்த்தி பலகையவே பாத்துக்கிட்டு நிக்கும், நம்பர் விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல பெட்டிய இழுத்துக்கிட்டு ஓடுவாங்க. முட்டி வலி உள்ளவர் அந்த ஓட்டத்துல மாட்டக்கூடாது. அதுக்கு வழி இருக்கு, பேசஞ்சர் அசிஸ்ட்னு ஒரு இலவச உதவி, முன்கூட்டி போன்லயோ ஆப்லயோ சொல்லி வெச்சா ஆள் வந்து வண்டி வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஏத்தி விடுவாங்க, யார்க்லயும் இறக்கி விடுவாங்க. கேக்கக் கூச்சப்படாதீங்க, அது அவங்க வேலை.

அப்புறம் அப்பாக்கு சீனியர் ரயில்கார்டு எடுத்துடுங்க, 60 தாண்டினவங்க யார் வேணா வாங்கலாம், அந்த நாட்டுக்காரராத்தான் இருக்கணும்னு இல்ல, பாஸ்போர்ட் காட்டினா போதும். டிக்கெட் விலைல மூணுல ஒரு பங்கு குறையும். ஒரு தடவை போயிட்டு வர்றதுக்கே கார்டு காசுல நல்ல பகுதி வந்துடும், மூணு வாரத்துல வேற எங்கயாவது போனா லாபம்தான். பயணத்துல கார்டு கைல இருக்கணும், இல்லன்னா டிக்கெட் செல்லாது.

தேதி பாக்கும்போது மே மாசம் முதல் திங்கள், கடைசி திங்கள் ரெண்டும் அங்க லீவு, அத ஒட்டின வாரக் கடைசில தண்டவாள வேலைன்னு வண்டிய நிறுத்தி பஸ்ல ஏத்தி விடுவாங்க. மே நடுவுல யார்க்ல மூணு நாள் குதிரைப் பந்தயமும் உண்டு, அன்னிக்கு ரயில்ல நிக்கவே இடம் இருக்காது. சாதாரண செவ்வாய், புதன், வியாழனா பாத்துப் போங்க. விசா வேண்டாம் நமக்கு, ஆனா 2025 ஜனவரில இருந்து இடிஏன்னு மின்னணு அனுமதி எடுக்கணும், அது எடுத்தாச்சா?

---

ரோஸ்ஹில் மகள்

ராஜா அண்ணா, ரொம்ப நன்றி, இடிஏ எடுத்தாச்சு. ரயில்கார்டு விஷயம் தங்கச்சிக்கே தெரியல. அக்கா, நீங்க சொன்ன 126 மைல் கதைய அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், திரும்பப் படின்னு சொல்லி ரெண்டு தடவை கேட்டாரு. செருப்பு, மெழுகுவத்தி, சாப்பாடு இது மூணுக்கும் யாராவது சொல்லுங்களேன்.

---

பியூ பாசின் தமிழாசிரியர்

மகளே, நான் தமிழ் வாத்தியார், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. யார்க் மின்ஸ்டர்ல ஒரு முழு நாள் இருந்திருக்கேன்.

செருப்பு கழட்ட வேண்டாம். ஆனா தலைல தொப்பி இருந்தா கழட்டணும், நம்ம வழக்கத்துக்கு நேர் எதிர். மெழுகுவத்தி ஏத்த இடம் உண்டு, காசு போட்டுட்டு ஏத்திக்கலாம், யாரும் நீங்க எந்த மதம்னு கேக்க மாட்டாங்க. சுத்திப் பாக்க டிக்கெட் வாங்கணும், விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனா வழிபாட்டுக்கு வர்றவங்களுக்குக் காசு கிடையாது. சாயங்காலம் ஈவன்சாங்னு ஒரு வழிபாடு, பாட்டுக் குழு பாடும், முக்கால் மணி நேரம் இருக்கும், அப்பாவ அதுக்கு அவசியம் உக்கார வைங்க. அவ்வளவு உசரமான கல் கூரைக்குக் கீழ சின்னப் பசங்க குரல் மேல போய்த் திரும்பி இறங்கறத கேக்கணும், எனக்கு நம்ம கோவில்ல காவடி அன்னிக்கு விடியக்காலைல கொடிமரத்துகிட்ட நின்னு கேக்கற சத்தம் ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல வழிபாடு மட்டும்தான், சுத்திப் பாக்க விட மாட்டாங்க.

அவர் கொத்தனார்னு சொன்னீங்க, அதனால இத விவரமா எழுதறேன். 1220ல ஆரம்பிச்சு 1472ல முடிச்சிருக்காங்க, 250 வருஷம். கொள்ளுத்தாத்தா வெச்ச அஸ்திவாரத்துக்கு மேல கொள்ளுப்பேரன் வேலை பாத்திருப்பான். வெளிர் சுண்ணாம்புக்கல், நம்ம ஊர் கருங்கல் மாதிரி இல்ல, மெத்துனு செதுக்க வரும் ஆனா மழையும் புகையும் அரிச்சுடும், அதனால இன்னிக்கும் அந்தக் கோவிலுக்குன்னே கல்தச்சர்கள் இருக்காங்க, தேஞ்ச கல்ல எடுத்துட்டு புதுசா உளியால செதுக்கி வெக்கறாங்க. வெளிச் சுவர்ல பழைய கல்லு நடுவுல பளிச்சுனு வெண்ணெய் நிறத்துல ஒரு புதுக்கல் தெரியும், அதத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. நடுக் கோபுரம் 72 மீட்டர், கிட்டத்தட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுர உசரம். மேல ஏற 275 படி, குறுகல் சுழல் படி, அப்பா ஏற வேண்டாம்.

உள்ள போனதும் நேரா கிழக்குக் கோடிக்குப் போங்க. அங்க ஒரே ஜன்னல், டென்னிஸ் மைதானம் அளவு, முழுக்க வண்ணக் கண்ணாடி. கவென்ட்ரி ஊர்க்காரர் ஜான் தார்ன்டன்னு ஒருத்தர் 1405ல ஒப்பந்தம் போட்டு மூணே வருஷத்துல 1408ல முடிச்சிருக்காரு, கூலி மொத்தம் 56 பவுண்டு. 311 கண்ணாடிப் பலகை. மேல் பக்கம் உலகம் உண்டான கதை, கீழ உலகம் முடியற காட்சிகள், எல்லாத்துக்கும் உச்சியில கடவுள் கைல ஒரு புத்தகம், ஆதியும் அந்தமும் நானேன்னு எழுதியிருக்கும். தாராசுரம் கோவில்ல நாயன்மார் கதைய சுவர் அடில கையகலக் கல்லுல வரிசையா செதுக்கியிருப்பாங்க, எழுத்து தெரியாத ஜனங்க நின்னு நின்னு பாத்துக்கிட்டே போகற மாதிரி, அதே எண்ணம்தான் இது, அங்க கல்லு, இங்க வெளிச்சம். இந்தக் கண்ணாடி பூரா கழட்டி பல வருஷம் சுத்தம் பண்ணி ஒட்டு எடுத்து 2018ல திரும்ப மாட்டி முடிச்சாங்க. ஒரு சின்ன பைனாகுலர் கொண்டு போங்க, இல்லன்னா மேல இருக்கற முகங்கள் தெரியாது. காலை வெயில்ல போங்க, கிழக்குப் பாத்த ஜன்னல், பத்து மணிக்கு நீலமும் சிவப்பும் தரைல விழும். எனக்குத் தெரிஞ்ச ஒரே குறை, கூட்டமா வர்றவங்க ரெண்டு நிமிஷம் நின்னு போன்ல படம் எடுத்துட்டுப் போயிடறாங்க. நாற்காலி இருக்கும், அப்பாவ உக்கார வைங்க, அரை மணி நேரமாவது.

தெற்குப் பக்கம் வட்டமா ரோஜா ஜன்னல் ஒண்ணு. 1984 ஜூலை 9 ராத்திரி தீப்பிடிச்சு அந்தப் பக்கக் கூரையே எரிஞ்சு விழுந்துச்சு, கண்ணாடி ஆயிரக்கணக்கான இடத்துல விரிசல் விட்டுச்சு, ஆனா ஈயக் கம்பி பிடிச்சுக்கிச்சு, ஜன்னல் விழல. கொத்தனாருக்கு இது பிடிக்கும்.

---

லீட்ஸ் அக்கா

ஐயா எழுதினதப் படிச்சு எனக்கே திரும்பப் போகணும் போல இருக்கு, இத்தனை வருஷம் இங்கயே இருந்து அந்தப் புதுக்கல்ல நான் தொட்டதே இல்ல.

சாப்பாடு. முக்கியமான ஒண்ணு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. யார்க்ஷயர் பக்கம் மீன் சிப்ஸ் கடைங்கள்ல ரொம்ப இடத்துல மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, அதான் ருசின்னு பெருமையா போர்டே வெச்சிருப்பாங்க. வெறும் உருளைக்கிழங்குதானேன்னு வாங்கிக் குடுத்துடாதீங்க, எந்த எண்ணெய்னு கேட்டுட்டு வாங்குங்க. யார்க்ஷயர் புட்டிங்ல முட்டை உண்டு, பழைய முறைல செஞ்சா அதுலயும் அதே கொழுப்பு. சைவ நாள்னா தோலோட சுட்ட பெரிய உருளைக்கிழங்குல சீஸும் பீன்ஸும் போட்டுத் தருவாங்க, சூடா இருக்கும், வயசானவங்களுக்கு நல்லது. ரயில்ல சாப்பிட வீட்லயே கட்டிக்கிட்டு வந்துடுங்க, தங்கச்சிய தால்பூரி (பருப்பு வெச்ச ரொட்டி) போடச் சொல்லுங்க, ரயில்ல வீட்டு சாப்பாடு சாப்பிட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கிட்கேட் சாக்லேட் யார்க்ல பிறந்ததுதான், ரவுன்ட்ரி கம்பெனி 1935ல போட்டது, அப்பாக்கு சக்கரை வியாதி இல்லன்னா ஒண்ணு வாங்கிக் குடுங்க.

ஒரே நாளா ராத்திரி தங்கலான்னு கேட்டீங்க. ஒரே நாள்ல முடியும், ஆனா காலை வெயில்ல ஜன்னல், சாயங்காலம் ஈவன்சாங், நடுவுல மியூசியம், அதுக்கு மேல ராத்திரி ரெண்டு மணி நேர ரயில்னா முட்டிக்கு ஆகாது. ஒரு ராத்திரி தங்குங்க. முதல் நாள் மத்தியானம் வந்து மியூசியம், அடுத்த நாள் காலைல மின்ஸ்டர். ஓட்டல் ஸ்டேஷன் பக்கத்துல பாருங்க.

---

ரோஸ்ஹில் மகள்

அக்கா, ஐயா, ராஜா அண்ணா, டிக்கெட் போட்டாச்சு! வியாழக்கிழமை போறோம், வலது பக்க ஜன்னல், வண்டி போற திசையப் பாத்த சீட். அசிஸ்ட்டும் சொல்லியாச்சு, ரொம்ப மரியாதையா பேசினாங்க. வெள்ளிக்கிழமை காலைல மின்ஸ்டர், அன்னிக்கு சைவம், உருளைக்கிழங்கு.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னாரு. நேத்து ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே திடீர்னு கேட்டாரு, அந்த வண்டில ஜன்னல் திறக்குமா?

---

லீட்ஸ் அக்கா

திறக்காதும்மா. லண்டன் வண்டில எல்லாம் ஏசி, முழுக்க அடைச்ச கண்ணாடி.

ஆனா இரு, ஒண்ணு சொல்றேன். யார்க்ல இருந்து பஸ்ல பிக்கரிங்னு ஒரு ஊருக்குப் போகலாம். அங்கிருந்து நார்த் யார்க்ஷயர் மூர்ஸ் ரயில்னு பழைய பாதை, 18 மைல், நிலக்கரி எஞ்சின் வெச்சு ஓட்டறாங்க, மே மாசம் ஓடும். பழைய காலத்துப் பெட்டிங்க, கதவு ஜன்னல கீழ இறக்கலாம். தலைய வெளிய நீட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கும், அத அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லு, ஆனா ஜன்னல் ஓரமா உக்காந்தாலே கரி வாசம் உள்ள வரும். இன்னொரு ராத்திரி சேத்துப் போடு. வர்ற டிக்கெட்ட மாத்த முடியுமான்னு இன்னிக்கே பாரு, மாத்த கொஞ்சம் காசு புடிப்பாங்க, பரவால்ல. சனிக்கிழமை நான் லீட்ஸ்ல இருந்து வந்துடறேன், உங்களோட பிக்கரிங் வரேன். ஒரு நல்ல பருத்திக் கைக்குட்டை கொண்டு வா, கண்ணுல தூள் விழுந்தா ஒத்தி எடுக்க.

---

ரோஸ்ஹில் மகள்

அக்கா, அப்பாகிட்ட சொல்லிட்டேன். எழுந்து போய் அலமாரியத் திறந்து ஆயாவோட பழைய புடவைல கிழிச்சு வெச்சிருந்த துண்ட எடுத்து பெட்டில வெச்சுட்டாரு. டிக்கெட்ட மாத்தறேன், சனிக்கிழமை எத்தனை மணிக்கு பஸ்னு மட்டும் எனக்கு எழுதுங்க.